கைத்தறிக் கடையின் இணையத்தளம்: படத்துக்கு எவ்வளவு இடம், எழுத்துக்கு எவ்வளவு இடம்?

கேள்வி சுருக்கமாக இதுதான். இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள மருதமுனையில் கைத்தறிச் சாரியும் சாறனும் விற்கும் கடை. இணையத்தளம் திறந்து நாலு மாதமாகிறது. மேலே தானாக நகரும் ஐந்து பெரிய படங்கள், அவற்றின் மேல் வெள்ளை எழுத்து. விலைப்பட்டியல் ஒரு போஸ்டராகக் கீழே கிடக்கிறது. தளத்தைச் செய்து தந்த தம்பி எழுத்தைக் குறைத்தால்தான் அழகு என்கிறார். வாப்பாவோ தான் எழுதிய 900 சொல் கடை வரலாறு முதற்பக்கத்திலேயே வரவேண்டும் என்கிறார். தளத்துக்கு ஆட்கள் வருகிறார்கள். ஆனால் வட்ஸ்அப்பில் கேட்பதெல்லாம் "விலை என்ன?", "கடை எங்கே?" என்ற இரண்டும்தான். படத்தைக் குறைப்பதா, எழுத்தைக் குறைப்பதா?

உங்களுக்கு வரும் அந்த இரண்டு கேள்விகளிலேயே பதில் இருக்கிறது. விலையும் இடமும் தளத்தில் இருக்கின்றன. வந்தவர் கண்ணில் படவில்லை. படத்துக்கு இத்தனை பங்கு, எழுத்துக்கு இத்தனை பங்கு என்று அளந்து பிரிக்க முடியாது. வாங்க வருகிறவர் மனதில் ஒரு வரிசையில் கேள்விகள் எழும். ஒவ்வொரு கேள்விக்கும் படம் நன்றாகப் பதில் சொல்லுமா, எழுத்து நன்றாகச் சொல்லுமா என்று பார்த்து, அதனதன் கையில் அதைக் கொடுக்க வேண்டும். சாரியின் நிறம், கரையின் அகலம், முந்தானை வேலை, கட்டினால் விழும் விதம் ஆகியவற்றைப் பத்து வரி எழுதினாலும் ஒரு நல்ல படத்துக்கு ஈடாகாது. நீளம், நூல், விலை, சாயம் போகுமா, எத்தனை நாளில் கைக்கு வரும் என்பவற்றை எந்தப் படமும் சொல்லாது. உங்கள் தளத்தில் இந்த வேலைகள் இடம் மாறிக் கிடக்கின்றன. விலையைப் படம் சொல்கிறது. சாரியின் அழகை, படத்தின் மேல் ஏறி நிற்கும் எழுத்து மறைக்கிறது.

முதலில் போஸ்டர். அச்சுக்காகச் செய்த ஏ4 போஸ்டர் வழக்கமாக 2480 பிக்சல் அகலம் இருக்கும். அதில் 12 புள்ளி எழுத்து ஏறக்குறைய 50 பிக்சல் உயரம். அதே படம் 360 பிக்சல் அகலமுள்ள போன் திரையில் ஏழில் ஒரு பங்காகச் சுருங்கும்போது அந்த எழுத்தும் 7 பிக்சலாகிவிடும். தமிழில் 7 பிக்சலில் கி எது, கீ எது என்று தெரியாது. விரலால் பெரிதாக்கிப் பார்க்கலாம்தான். ஆனால் பெரிதாக்கினால் சாரியின் பெயர் ஒரு பக்கமும் விலை மறுபக்கமும் போய்விடும். கூகுளில் தேடுகிறவருக்கு அந்த விலை எளிதில் கிடைக்காது, பார்வை குறைந்தவரின் போன் அதை ஒழுங்காக வாசித்துச் சொல்லாது, ஒரு வரியைப் பிரதிசெய்து தங்கைக்கு அனுப்புவதும் சுலபமில்லை. விலை ஏறினால் போஸ்டர் செய்தவரைத்தான் தேடிப் போகவேண்டும்.

எழுத்தைப் படமாக்கும் இந்தப் பழக்கத்துக்கு எங்கள் பக்கத்தில் ஒரு தனிக் காரணம் உண்டு. அச்சகங்களிலும் கடைகளிலும் இன்னும் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்கிறார்கள். பாமினியில் அடித்த "வணக்கம்" கணினிக்கு வெறும் ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான். பாமினி இல்லாத போனில் அது குப்பையாகத் தெரியும். அதனால் "படமாகவே போட்டுவிடுவோம்" என்று போட்டுவிடுகிறார்கள். சரியான வழி, அந்த எழுத்தை எல்லாப் போனும் கணினியும் அறிந்த பொது எழுத்துக்குறி முறையான யுனிகோடுக்கு மாற்றுவது. பாமினியிலிருந்து யுனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. மாற்றியபின் ஒருமுறை முழுவதும் வாசித்துத் திருத்துங்கள். கொம்புகளும் ரகர றகரங்களும் சில இடங்களில் பிசகியிருக்கும். வாப்பா எழுதியது பாமினியில் இருந்தால் அதற்கும் இதே வேலைதான்.

அடுத்து, தானாக நகரும் ஐந்து படங்கள். போனில் எடுத்த படத்தை அப்படியே ஏற்றினால் ஒன்று 3 மெகாபைட் அளவில் வரலாம். ஐந்தும் சேர்ந்து 15. வினாடிக்கு 5 மெகாபிட் கிடைக்கும் இணைப்பில் இது முழுவதும் இறங்க 24 வினாடி ஆகும். பக்கத்தின் பெரிய பகுதி 2.5 வினாடிக்குள் தெரியவேண்டும் என்பது கூகுளின் அளவுகோல். பொத்துவில் பக்கம் பஸ்ஸில் இருந்தபடி டேட்டா போட்டுப் பார்ப்பவர் 24 வினாடி காத்திருக்கமாட்டார். அத்துடன், படம் நகரும்போது அதன் மேல் இருக்கும் வரியும் நகர்ந்துவிடும். தமிழை நிதானமாக வாசிப்பவர் பாதி வரியில் இருக்கும்போது அடுத்த படம் வந்து நிற்கும். முதல் படத்தில் கரும்பச்சைச் சாரியின் மேல் நன்றாகத் தெரிந்த வெள்ளை எழுத்து, மூன்றாவதில் சந்தனநிறச் சாரியின் மேல் கரைந்துபோகும்.

ஐந்துக்குப் பதில் ஒரு படம் போதும். அசையாத, நல்ல ஒரு படம். எழுத்தை அதன் மேல் ஏற்றாமல் கீழே, வெறும் பின்னணியில் வையுங்கள். நீங்கள் விற்பதே துணியின் அழகு. அதன் மேல் கறுப்புத் திரை போட்டு எழுத்தைத் தெரியவைத்தால் துணி மங்கிவிடும், திரை போடாவிட்டால் எழுத்து மங்கிவிடும். கீழே வைத்தால் இரண்டும் பிழைக்கும்.

படத்தின் கீழ் முதலில் வரவேண்டிய வரி "உங்களை அன்புடன் வரவேற்கிறோம்" அன்று. அந்த வரி எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லவில்லை. "மருதமுனைத் தறியில் நெய்த பருத்திச் சாரி, சாறன்" என்று எழுதுங்கள். அதற்குக் கீழே ஆகக் குறைந்த விலை, கடை இருக்கும் தெரு, திறந்திருக்கும் நேரம், வட்ஸ்அப் பட்டன். இவ்வளவும் போனில் விரலால் தள்ளாமலே முதல் திரையில் தெரியவேண்டும். 360க்கு 640 பிக்சல் திரையில் படத்துக்கு 300 பிக்சல் உயரம் கொடுத்தால் மற்றவற்றுக்கு இடம் சரியாக இருக்கும். முழுத் திரையையும் படத்துக்குக் கொடுத்தால், கீழே ஏதாவது இருக்கிறது என்பதே பலருக்குத் தெரியாமல் போகும்.

சாரிகளின் படங்கள்தான் உங்கள் தளத்தின் முக்கிய உள்ளடக்கம். அவற்றை அலங்காரமாக நினைக்கக்கூடாது. ஒவ்வொரு படமும் ஒரு கேள்விக்குப் பதிலாக இருக்கவேண்டும். ஒரு சாரிக்கு நாலு படம்: முழுச்சாரி கட்டிய நிலையில் அல்லது தொங்கவிட்டபடி, முந்தானை விரித்தபடி, கரை கிட்டத்தில், நெசவு மிகக் கிட்டத்தில். கரைப் படத்தில் ஓர் அடிமட்டத்தையோ பத்து ரூபாய்க் குற்றியையோ பக்கத்தில் வைத்தால் அகலம் கேட்டு யாரும் எழுதமாட்டார்கள். காலை எட்டு ஒன்பது மணிக்கு விறாந்தையின் நிழலில், வெயில் நேரே படாமல் எடுங்கள். கடைக்குள் ரியூப் லைட்டில் எடுத்தால் மெரூன் கபிலமாகிவிடும். நேர் வெயிலில் எடுத்தால் வெளிர்மஞ்சள் வெள்ளையாகிவிடும். முதல் படத்தில் மட்டும் ஓரமாக ஒரு வெள்ளைத் தாளை வைத்து எடுத்துவிட்டு, திருத்தும்போது அந்தத் தாள் வெள்ளையாகத் தெரியும்வரை நிறத்தைச் சரிசெய்யுங்கள். அதே அளவை மற்றப் படங்களுக்கும் போடலாம். அழகூட்டும் ஃபில்டர் எதுவும் வேண்டாம். நிறம் மாறி வந்தது என்று ஒரு சாரி திரும்பி வந்தால் கூரியர் செலவு இரண்டு தரம் உங்கள் தலையில்தான்.

எல்லாப் படங்களையும் மூன்றுக்கு நாலு என்ற ஒரே விகிதத்தில் நிமிர்த்தி வெட்டுங்கள். ஒன்று சதுரம், ஒன்று நீளம் என்று இருந்தால் வரிசை குலைந்து, சாரி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் தளம் அவசரத்தில் செய்ததுபோல் இருக்கும். போனில் இரண்டு நிரலாக அடுக்கினால் ஒரு படத்துக்குக் கிடைப்பது ஏறக்குறைய 158 பிக்சல் அகலம். மூன்று மடங்கு கூர்மையுள்ள போன்களையும் சேர்த்துப் பார்த்தால் 480க்கு 640 போதும். தொட்டால் விரியும் பெரிய படத்துக்கு 1200க்கு 1600. இரண்டையும் வெப்பி (WebP) என்ற படக்கோப்பு வடிவத்தில், தரம் 75 முதல் 80க்குள் சேமியுங்கள். நெசவு தெரியும் கிட்டப்படம் மட்டும் மற்றவற்றைவிடக் கனமாக வரும். நூலுக்கு நூல் மாறும் நுணுக்கத்தைச் சுருக்குவது கடினம். அதன் தரத்தைக் கண்டபடி குறைத்தால் துணி பிளாஸ்டிக் போலத் தெரியும்.

நெசவுத் துணிப் படங்களில் அடிக்கடி வரும் ஒரு தொல்லையைத் தனியே சொல்லவேண்டும். படத்தைச் சிறிதாக்கியதும் துணியில் இல்லாத அலைகள், வளையங்கள் தோன்றும். பாவும் ஊடையும், அதாவது நெடுக்கு நூலும் குறுக்கு நூலும், போடும் கட்டம் ஒன்று, திரையின் பிக்சல் கட்டம் இன்னொன்று. இரண்டும் மோதும்போது அந்த அலை பிறக்கிறது. பார்ப்பவர் அதை நெசவில் உள்ள பிழை என்றே நினைப்பார். கமராவைச் சற்றுச் சரித்து எடுத்தாலோ, கொஞ்சம் கிட்டப் போனாலோ பெரும்பாலும் போய்விடும். பெரிய படத்தை பிரவுசரே சுருக்கிக் காட்டட்டும் என்று விடாமல், காட்டும் அளவுக்கு நீங்களே சுருக்கி ஏற்றுங்கள். ஏற்றியபின் உண்மையான போனில் பார்த்து உறுதிசெய்யுங்கள்.

இப்போது கணக்கைத் திரும்பப் பார்ப்போம். முகப்புப் படம் 150 கிலோபைட். எட்டுச் சிறுபடங்கள், ஒன்று 45 வீதம் 360. எழுத்தும் தளத்தின் நிரலும் (கோட்) சேர்ந்து 100. மொத்தம் 610 கிலோபைட். முன்பு 24 வினாடி எடுத்த அதே இணைப்பில் இது ஏறக்குறைய ஒரு வினாடி. இதில் எழுத்தின் பங்கைக் கவனியுங்கள். யுனிகோடுத் தமிழில் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட் போனாலும், வாப்பாவின் 900 சொற்களும் சுருக்கி அனுப்பும்போது ஒரு சிறுபடத்தின் கனத்துக்குக்கூட வராது. எழுத்து தளத்தை மந்தமாக்கும் என்ற பயம் வேண்டாம். அது எடுப்பது வாசகரின் கண்ணையும் நேரத்தையும்.

திரையில் கீழே வரும் படங்களுக்கு, அருகில் வரும்போது மட்டும் இறங்கும் லேசி லோடிங் வசதியைப் போடச் சொல்லுங்கள். முகப்புப் படத்துக்கு அதைப் போடக்கூடாது. போட்டால் அதுவே தாமதமாக வரும். ஒவ்வொரு படத்துக்கும் அகலம், உயரம் இரண்டையும் நிரலில் எழுதவேண்டும். எழுதாவிட்டால் படம் இறங்கும்வரை அதற்கு இடம் ஒதுக்கப்படாது. வாசகர் பட்டனைத் தொடப்போகும் நேரம் மேலே படம் வந்து விழுந்து பட்டனைக் கீழே தள்ளிவிடும். விரல் வேறெதையோ தொட்டுவிடும்.

சாரிக்குக் கீழே எழுதும் எழுத்து எப்படி இருக்கவேண்டும் என்பதை ஓர் உதாரணத்தால் பார்க்கலாம். இப்போது பல கடைகள் எழுதுவது இப்படி: "மனதைக் கொள்ளைகொள்ளும் வண்ணங்களில், பாரம்பரியமும் நவீனமும் கலந்த, தரமான கைத்தறிச் சாரி. தொடர்புகளுக்கு இன்பொக்ஸ் வாருங்கள்." இதை எந்தக் கடையின் எந்தச் சாரிக்குக் கீழும் ஒட்டலாம். இதற்குப் பதில் (எண்கள் மாதிரிக்கு):

"இல. 214. நீல உடல், செங்கல் நிறக் கரை. முழுப் பருத்தி.
நீளம் 5.5 மீற்றர், சட்டைத்துணி வேறாக 80 சென்ரிமீற்றர். கரை 4 அங்குலம்.
முதல் இரண்டு தரம் தனியே, குளிர்நீரில் கழுவவும். நீலம் சற்று இளகும்.
ரூபா 5,800. ஒன்றுதான் உள்ளது. இதேபோல் நெய்து தர 12 நாள்."

மனதைக் கொள்ளைகொள்வது படத்தின் வேலை. அதை எழுத்தால் இரண்டாம் தரம் செய்யத் தேவையில்லை. நீலம் இளகும் என்பதை மறைக்காமல் எழுதியதால் விற்பனை குறையாது; முதற்கழுவலில் அதைக் கண்டு கோபப்படுகிறவர்தான் குறைவார். பாடசாலைக்குக் கட்டச் சாரி தேடும் ஆசிரியை கரையின் அளவையும் விலையையும்தான் முதலில் பார்ப்பார். ஒரே நிறத்தில் இருபது சாரி கேட்பவருக்கு "நெய்து தர எத்தனை நாள்" என்பதுதான் முக்கியம். விற்றுப்போன சாரியின் படத்தைச் சாம்பலாக்கி மட்டும் விடாதீர்கள், "முடிந்தது" என்று எழுதுங்கள். வெயிலில் போனைப் பார்ப்பவருக்கு நிற வேறுபாடு தெரியாது.

அந்த இலக்கம் இன்னொரு வேலையும் செய்யும். வட்ஸ்அப் இணைப்பில் செய்தியை முன்கூட்டியே எழுதி வைக்கலாம். பட்டனைத் தொட்டதும் "சாரி இல. 214 இருக்கிறதா?" என்று தயாராக வந்து நிற்கும். படத்தை ஸ்கிரீன்ஷொட் எடுத்து அனுப்பி "இது இருக்கா" என்று கேட்கும் வேலை இருவருக்கும் மிச்சம். இணைப்பில் இலக்கத்தை எழுதும்போது முதல் பூச்சியத்தை விட்டு, கூட்டல் குறி இல்லாமல், 94 இல் தொடங்குங்கள். பூச்சியத்தோடு எழுதினால் பட்டன் திறக்கும், ஆள் கிடைக்கமாட்டார். கடையின் 067 நிலையான தொலைபேசி இருந்தால் அதையும் தொட்டால் அழைக்கும்படி போடுங்கள். வயதானவர்கள் அதைத்தான் நம்புவார்கள். பட்டனின் உயரம் 48 பிக்சலுக்குக் குறையக்கூடாது.

எழுத்தின் தோற்றத்துக்கு வருவோம். டெம்ப்ளேட்டுகள் ஆங்கிலத்துக்காகச் செய்யப்பட்டவை. அவற்றில் தமிழை ஊற்றும்போதுதான் பல அழகுக்கேடுகள் வருகின்றன. ஆங்கிலத் தலைப்புக்கு வரியுயரம் எழுத்தளவின் 1.1 மடங்காக வைத்திருப்பார்கள். தமிழில் "பூ"வின் கால் கீழே இறங்கும், "நீ"யின் சுழி மேலே ஏறும். இரண்டு வரித் தலைப்பில் மேல்வரியின் காலும் கீழ்வரியின் சுழியும் முட்டிக்கொள்ளும். தலைப்புக்கு 1.4, உடல் எழுத்துக்கு 1.7 வையுங்கள். உடல் எழுத்து 17 அல்லது 18 பிக்சல். பட்டனுக்கு உயரத்தை நிலையாகக் கட்டினால் "கு", "து" ஆகியவற்றின் அடி வெட்டுப்படும்; மேலும் கீழும் இடம் விட்டு உயரத்தைத் தானாக வளர விடவேண்டும். இரு பக்கமும் சமமாக இழுத்து நிறுத்தும் ஒழுங்கு போனில் வேண்டவே வேண்டாம். ஒரு வரிக்கு மூன்று நாலு தமிழ்ச் சொல்தான் பிடிக்கும். இழுத்தால் நடுவில் ஓட்டைகள் விழும். இடப்பக்கம் ஒட்டியே விடுங்கள். எழுத்துக்கு எழுத்து இடைவெளி கூட்டும் ஆங்கிலப் பாணியும் தமிழில் சொல்லைச் சிதறடிக்கும்.

எழுத்துருவுக்காகத் தனியே எதையும் இறக்காமலே சமாளிக்கலாம். அண்ட்ரொயிட்டில் நோட்டோ, ஐபோனில் தமிழ் சங்கம், விண்டோஸில் நிர்மலா என்று நல்ல தமிழ் எழுத்துருக்கள் ஏற்கெனவே இருக்கின்றன. கடைக்கென்று ஒரு முகம் வேண்டுமென்றால் தலைப்புக்கு மட்டும் ஒரு எழுத்துருவைப் போடுங்கள், அதிலும் தடித்த வடிவம் தனியே உள்ளதாகப் பார்த்து. தடித்த வடிவம் இல்லாத எழுத்துருவை பிரவுசர் தானே தடிப்பாக்கும்போது ண, ணை போன்றவற்றின் சுழிகள் அடைபட்டுப் போகும்.

நிறத்தில் தளம் அடங்கி இருக்கவேண்டும். கடை முழுக்க நிறம். சட்டகமும் நிறமாக இருந்தால் சாரி தெரியாது. வெள்ளை அல்லது மிக இளம் பின்னணி, கருமையான எழுத்து, பட்டனுக்கு மட்டும் ஒரு நிறம். நாகரிகம் என்று வெளிர்சாம்பல் எழுத்துப் போடுவது இப்போது பரவலான பிழை. வெள்ளையில் #999999 என்ற நிறக்குறியீடுள்ள சாம்பல் எழுத்தின் ஒளி வேறுபாடு 3க்கு 1 கூட இல்லை. சர்வதேச அணுகல் நெறிகள் சாதாரண எழுத்துக்குக் கேட்பது 4.5க்கு 1, #767676 அந்தக் கோட்டை மயிரிழையில் தொடுகிறது. #333333 போட்டால் கல்முனை பஸ் நிலையத்தில் நண்பகல் வெயிலிலும் வாசிக்கலாம்.

இனி வாப்பாவின் 900 சொல். அதைக் குறைக்கச் சொல்லும் தம்பியோடு எனக்கு உடன்பாடில்லை. தறி எப்போது போட்டார்கள், சாயம் எப்படிக் காய்ச்சினார்கள், பாவு எங்கே ஓட்டினார்கள், 2004 சுனாமிக்குப் பிறகு எப்படித் திரும்பத் தொடங்கினார்கள் என்று அதில் இருக்குமென்றால், அது வேறு எந்தக் கடையிடமும் இல்லாத உள்ளடக்கம். ஆனால் அதன் இடம் முதற்பக்கம் இல்லை. விலை தேடி வந்தவருக்கு அது குறுக்கே நிற்கும். வாசிக்க விரும்பியவரும் சாரிப் படங்களுக்கு நடுவில் அதை அரைகுறையாகத்தான் வாசிப்பார். "எங்கள் தறி" என்று தனிப்பக்கம் கொடுங்கள். முதற்பக்கத்தில் வாப்பாவின் சொற்களிலேயே நாலு வரி, அதற்குக் கீழே அந்தப் பக்கத்துக்கு இணைப்பு.

அந்தப் பக்கத்தில் எழுத்துக்கே முதலிடம். 150, 200 சொல்லுக்கு ஒரு துணைத்தலைப்பு. அது "எங்கள் வரலாறு" என்று பொதுவாக இல்லாமல் "பாவு ஓட்டிய ஒழுங்கை" என்பதுபோல் உள்ளே இருப்பதைச் சொல்லட்டும். வரியின் அகலம் கணினியில் 650 பிக்சலைத் தாண்டவேண்டாம். தாண்டினால் வரி முடிவிலிருந்து அடுத்த வரியின் தொடக்கத்தைக் கண் தவறவிடும். படம் இரண்டு மூன்று போதும், ஆனால் எழுத்து பேசும் இடத்திலேயே இருக்கவேண்டும்: நாடா (ஊடை நூலைக் கொண்டு ஓடும் கருவி) ஓடுவதைச் சொல்லும் பந்திக்குக் கீழே நாடாவின் படம், அதன் கீழே ஒரு வரி விளக்கம். எங்கிருந்தோ எடுத்த இந்தியத் தறியின் படத்தைப் போட்டுவிடாதீர்கள். மருதமுனையில் தறி பார்த்து வளர்ந்தவர் ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவார். அதன்பின் நீங்கள் எழுதியதையும் நம்பமாட்டார்.

சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் வாங்குவோர் இருந்தால் மொழிக்கு ஒரு பக்கம் வையுங்கள். ஒரே பக்கத்தில் மூன்று மொழியையும் அடுக்கினால் ஒவ்வொருவரும் தமக்குப் புரியாத இரண்டு பங்கைத் தாண்ட வேண்டியிருக்கும். தளத்தின் மெனுப் பட்டியில் வரும் சொற்களைச் சுருக்குங்கள்: சாரி, சாறன், எங்கள் தறி, தொடர்பு. "எங்களைத் தொடர்புகொள்ளுங்கள்" போனின் ஒரு வரியை விழுங்கிவிடும்.

மாற்றங்களைச் செய்யும் ஒழுங்கும் முக்கியம். தம்பி மறுபடி டிசைனில் தொடங்காமல், முதலில் எல்லா எழுத்தையும் ஒரு வெற்றுப் பக்கத்தில், படமும் நிறமும் இல்லாமல், மேலிருந்து கீழாக அடுக்கட்டும். அதை மட்டும் வாசித்தால் என்ன விற்கிறீர்கள், எங்கே, என்ன விலை, எப்படி வாங்குவது என்று விளங்கவேண்டும். விளங்காவிட்டால் எந்த அழகும் அதை மறைக்காது. பிறகு உண்மையான தமிழ் எழுத்தோடும் உண்மையான படங்களோடும் டிசைனைப் பொருத்தட்டும். போலி எழுத்தை நிரப்பிச் செய்த டிசைன், உண்மையான எழுத்து வந்ததும் உடையும்.

முடிந்தபின், தளத்தைப் பார்த்திராத ஒருவரின் கையில் போனைக் கொடுத்து, "ஆகக் குறைந்த சாறன் என்ன விலை? ஒன்று ஓடர் போடு" என்று மட்டும் சொல்லுங்கள். மாமியோ சாச்சியோ போதும், கணினி தெரிந்தவர் வேண்டாம். பக்கத்தில் இருந்து வழி காட்டாமல் விரல் எங்கே தயங்குகிறது என்று பாருங்கள். அரை நிமிடத்தில் வட்ஸ்அப் திறக்கவில்லை என்றால், விரல் தயங்கிய இடத்தில் இருக்கும் படத்தையோ எழுத்தையோதான் நீங்கள் திருத்த வேண்டும்.